சாளையின் வரவு செலவு

பொழியூர் கரையிலிருந்து பாறசாலை, நெய்யாற்றின்கரைச் சந்தைகளுக்கு வரும் மீன் கூடையில் வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது சாளையின் நீளத்தைத்தான். விலை கேட்பதெல்லாம் பிறகு. 2024 பருவமழைக்குப் பின் கேரளக் கடலோரத்தில் சாளை குவிந்தது. ஆனால் பெரும்பாலும் பொடி மீன். விலை சரிந்தது. குஞ்சுகளை அரித்து வந்துவிட்டார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

விஷயம் அவ்வளவு எளிதல்ல. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் சொன்ன காரணம் வேறு. நல்ல மழையால் கடலில் நுண்தாவரங்கள் பெருகின. வழக்கத்தைவிட அதிகமான குஞ்சுகள் பிழைத்தன. பிறகு பந்தியில் கூட்டம் கூடிவிட்டது, இலையில் சோறு குறைந்தது. மீன் வளரவில்லை.

மீனின் உடலும் மாதச் சம்பளக் குடும்பம் மாதிரிதான். மூச்சு, நீச்சல், செரிமானம் ஆகிய செலவுகளைத் தள்ளிப்போட முடியாது. மிஞ்சுவதுதான் வளர்ச்சிக்கும் சினைக்கும். 1979இல் பிரெட், குரோவ்ஸ் என்ற ஆய்வாளர்கள் போட்ட கணக்குப்படி, தாவரம் தின்னும் மீன் 100 பங்கு ஆற்றலை உட்கொண்டால் 43 கழிவாகப் போகிறது, உயிர் வாழும் செலவு 37, மிச்சம் 20. தீனி குறைந்தால் முதலில் வெட்டு விழுவது இந்த இருபதில்தான். கடல் சூடானால் நிலைமை இன்னும் மோசம். நீரின் வெப்பத்தோடு மீனின் உடல் வெப்பமும் ஏறும், உயிர் வாழும் செலவும் ஏறும்.

ஆகவே பொடிச் சாளை எல்லாமே பச்சைக் குஞ்சு அல்ல. உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வளர்ச்சியை ஒத்திப்போட்டவையும் அதில் உண்டு. 10 செ.மீ.க்குக் குறைந்த சாளையைப் பிடிக்க 2015இல் கேரளம் தடை விதித்தது. அளவுகோலுக்கு நீளம் தெரியும்; வயது தெரியாது.

அதற்காகச் சட்டம் வீண் என்று ஆகிவிடாது. 2012இல் சுமார் 4 லட்சம் டன் சாளை கண்ட கேரளம், 2021இல் கண்டது சுமார் 3,300 டன். 2024இல் அது சுமார் 1.5 லட்சம் டன்னாக மீண்டது. சாளையின் ஆயுளே ஏறக்குறைய இரண்டரை ஆண்டு. சுமார் 15 செ.மீ. வளர்ந்த பிறகே பொதுவாகச் சினை பிடிக்கும். பொடியாகவே வாரிவிட்டால் அடுத்த மழைக்கு முட்டையிட ஆள் இருக்காது.

பட்டினியிலும் பிழைத்துக்கொள்ளச் சாளைக்குத் தெரியும். வலைக்குத் தப்பினால்தான் அந்தச் சிக்கனத்துக்குப் பலன்.