தாய்மரம் எது என்று தெரிய வேண்டும்

காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலின் தலமரம் மாமரம். அதன் நான்கு கிளைகளிலும் நான்கு விதச் சுவையுள்ள கனிகள் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. கிளைக்குக் கிளை மாறுபாடு பக்தர்களுக்கு அற்புதம். மரபணு மாற்றிய மாங்கன்று நாளை நாற்றுப்பண்ணைக்கு வருமானால், அதே மாறுபாடு விவசாயிக்குத் தலைவலியாகும்.

மாவில் மரபணு மாற்றம் இதுவரை சுலபமாக இல்லை. திசு வளர்ப்புதான் தடை. மாமரத்தின் துண்டைக் குப்பியில் வைத்தால் கசிவினால் கறுத்துப் போகிறது. தப்பிப் பிழைத்தாலும் எல்லா ரகமும் துளிர்ப்பதில்லை. ஆகவே குப்பியே வேண்டாம், வளரும் செடியிலேயே வேலையை முடிப்போம் என்று விஞ்ஞானிகள் முயல்கின்றனர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 2000-ம் ஆண்டிலேயே நிலக்கடலையில் இதைச் செய்து காட்டினார்கள். முளைக்கும் விதையின் கருவை ஊசியால் குத்தி, அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியாவைச் சேர்ப்பதே முறை. தன் மரபணுவில் ஒரு பகுதியைச் செடிக்குள் செலுத்தி, வேர்க்கழுத்தில் கழலை உண்டாக்குவது இந்தப் பாக்டீரியாவின் இயல்பு. சர்க்கரைவள்ளிக் கிழங்கில் இத்தகைய மரபணுத் துண்டு இயற்கையாகவே பழங்காலத்தில் புகுந்திருப்பது 2015-ல் தெரியவந்தது. எனவே முறையைக் கண்டு மிரள வேண்டியதில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஊசி பட்ட குருத்தில் சில செல்கள் மாறும், மற்றவை மாறா. கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறமும் கரை ஒரு நிறமுமாக இருப்பதுபோல, ஒரு கிளை மாறியும் மறு கிளை பழையபடியும் வளரலாம். நிலக்கடலையில் இது பெரிதில்லை. அடுத்த போகம் விதைத்து, மாறியதை மட்டும் பொறுக்கிக்கொள்ளலாம். மாவில் அப்படி முடியாது. விதைக்கன்று காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். பங்கனப்பள்ளி போன்ற ரகங்களில் தாயின் குணமும் அப்படியே வராது. ஒட்டுக்கட்டுவதுதான் வழி. ஒட்டுக்குச்சியை எந்தக் கிளையில் வெட்டினார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பருத்தி விதை பொய்த்தால் ஒரு போகம் நஷ்டம். ஒட்டுக்கன்று பொய்த்தால், தண்ணீர் சுமந்து ஊற்றிய அத்தனை வருடமும் நஷ்டம்.

ஆகவே பழப்பயிரில் பப்பாளியிலிருந்து தொடங்குவதே நியாயம். அது விதையில் வருவது, ஓராண்டுக்குள் காய்ப்பது. அசுவினி பரப்பும் வளையப்புள்ளி வைரஸ் வந்த மரத்தைப் பிடுங்கி எறிவதைத் தவிர வழியுமில்லை. ஹவாய்த் தீவின் பப்பாளிப் பகுதியில் இந்நோய் 1992-ல் புகுந்தது. அதை எதிர்க்கும் மரபணு மாற்றப் பப்பாளி 1998-ல் வெளிவந்தது. அது திசு வளர்ப்பில் பிறந்ததுதான். ஆனால் விதையை முதலில் விவசாயிகளுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள் என்பதை நம்மவர்கள் கவனிக்க வேண்டும்.

இந்தியாவில் அனுமதியுடன் விவசாயிகள் பயிரிடும் மரபணு மாற்றப் பயிர் 2002 முதல் பருத்தி ஒன்றே. திசு வளர்ப்பு இல்லை என்பதற்காகச் சட்டம் விலக்குத் தராது. அயல் மரபணு புகுந்தால் மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். ஆயினும் செலவு குறைந்த முறை கள்ளச் சந்தைக்கும் வசதிதான். களைக்கொல்லி தாங்கும் அனுமதியற்ற பருத்தி விதை விற்ற கதை தெரிந்ததே. எனவே இந்த வேலை வேளாண் பல்கலைக்கழகத்தின் கையில் இருக்க வேண்டும். தாய்மரத்தைக் கிளை கிளையாகச் சோதித்து, தாய்மர எண்ணைக் கன்றுப் பையிலேயே எழுதி, அரசுத் தோட்டக்கலைப் பண்ணை மூலம் தர வேண்டும். சாதாரண ஒட்டுக்கன்றுக்கே தாய்மரம் எது என்று கேட்டால், முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வியாபாரிகள் இன்று உண்டு.