நாலு ஆண்களும் ஒரு பாறையும்

மெரினாவின் வடகோடியில் நாலு ஆண்கள் ஒரு பாறையை நகர்த்தப் பாடுபட்டுக்கொண்டிருக்கிறார்கள். 1959 ஜனவரியில் ஆரம்பித்தது. பாறை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் இந்த வெண்கலச் சிற்பத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர் 'ட்ரையம்ஃப் ஆஃப் லேபர்', அதாவது உழைப்பின் வெற்றி. வெற்றி எங்கே என்று சிலையைச் சுற்றிச்சுற்றி வந்தாலும் அகப்படாது. ஜனங்கள் அந்தப் பெயரைச் சட்டை செய்யவில்லை. உழைப்பாளர் சிலை என்றார்கள். இந்தச் சிற்பத்தைப் பற்றித் தமிழில் செய்யப்பட்ட உருப்படியான விமர்சனம் இந்தப் பெயர் மாற்றம் ஒன்றுதான் என்பது என் கட்சி.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்? மேடைக்காரர்களுக்கு மே மாதம் முதல் தேதி மட்டும் அது ஞாபகம் வரும். நவீன ஓவிய நண்பர்களுக்கு எந்தத் தேதியிலும் வராது. 'ரோதானின் எச்சில், அகாடமி யதார்த்தம்' என்று இரண்டு வார்த்தையில் தீர்ப்பெழுதிவிட்டுச் சோழமண்டலத்துக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். 1957 வரை ஏறக்குறைய 28 வருஷம் சென்னைக் கலைப்பள்ளியை நடத்தியவர் ராய் சௌத்ரி. பணிக்கரும் தனபாலும் அவரிடம் படித்தவர்கள். பிள்ளைகள் அப்பனை மறுத்தாக வேண்டியிருந்தது, மறுத்தார்கள், நியாயம். ஆனால் பேரப்பிள்ளைகளும் அதே மறுப்பைக் கண்ணைத் திறந்து பார்க்காமலே மனப்பாடமாக ஒப்பிப்பது விமர்சனமாகாது.

உருவ அளவில் இது மோசமான சிற்பம் இல்லை. விடியற்காலையில் கடலுக்கு முன்னால் கறுத்துத் தெரியும்போது நாலு உடம்புகளும் பாறையும் ஒரே பாரமாகத் திரண்டு நிற்கின்றன. அந்த நேரத்தில் ரோதானை நினைத்துக்கொள்ள ஒருவருக்கும் அவகாசம் இராது. கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

உருவகச் சிற்பம் என்பது ஒரு பெரிய சொல்லுக்கு உடம்பு கொடுக்கிற காரியம். யாருடைய உடம்பு என்பதுதான் கேள்வி. 1886இல் நியூயார்க் துறைமுகத்தில் சுதந்திரத்துக்குப் பெண்ணுடம்பு கிடைத்தது. பெண்ணுக்கு ஓட்டு மறுக்கக் கூடாது என்று அந்த நாட்டு அரசியல் சட்டம் சொன்னது 1920இல். உடம்பை இரவல் வாங்குகிறவர்கள் அதற்குரியவளைக் கேட்டு வாங்குவதில்லை. சென்னையில் அந்த இரவலும் இல்லை. உழைப்பு என்ற சொல்லுக்கு நாலு உடம்பு தேவைப்பட்டது, நாலும் ஆண்.

நான் பாங்கில் கணக்குத் துவக்கும் படிவங்களைப் பார்ப்பவன். கட்டட வேலைக்குப் போகும் பெண்கள் வருவார்கள். என்ன தொழில் என்று கேட்டால் 'சித்தாளு' என்பார்கள், சிலர் கொஞ்சம் கூச்சத்துடன். எங்கள் கிளையில் அந்தக் கட்டத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதுவது வழக்கம். நானும் எழுதியிருக்கிறேன், பல தடவை. யாரும் கட்டளையிட்டதில்லை. காறை காய்ந்து ஒட்டிய கையை மைத்தட்டில் அழுத்தி ரேகை வாங்கிக்கொண்டே எழுதினேன். அன்று சாயங்காலம் கடற்கரைக்குப் போய் அந்த நாலு பேரைப் பார்த்தபோதுதான் என் கைக்கு யார் பழக்கிக் கொடுத்தார்கள் என்று உறைத்தது. சிலை செய்தது என்று சொல்லமாட்டேன். சிலையும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

'1959இல் இதையெல்லாம் எதிர்பார்க்கலாமா' என்று ஒரு நண்பர் கேட்டார். எதிர்பார்க்கலாம். மூன்று வருஷம் முந்தி, 1956இல், சாந்திநிகேதனில் ராம்கிங்கர் பைஜ் 'மில் கால்' செய்து நிறுத்தியாகிவிட்டது. ஆலைச் சங்கு கேட்டு இரண்டு பெண்கள் ஓடுகிறார்கள், சேலை காற்றில் பறக்கிறது, பின்னால் ஒரு சிறுவன். வெண்கலத்துக்கு வழியில்லை, சிமெண்டும் சரளைக்கல்லும். அதற்கும் முந்தி 1938இல் அவர் செய்த சந்தால் குடும்பத்தில் ஆண், பெண், குழந்தை, நாய்கூட உண்டு. ஆக, காலத்தின் மேல் பழி போடுவதற்கில்லை. ராம்கிங்கர் சந்தால்களை நேரில் பார்த்தார். ராய் சௌத்ரி உழைப்பு என்கிற கருத்தைப் பார்த்தார். கருத்துக்கு எப்போதும் புஜபலம் அதிகம். நாலு பேரில் ஒருவனுக்குக்கூடப் பசித்த வயிறு இல்லை, கவனித்தீர்களா?

இதே கடற்கரையில் பெண்ணுக்கு இடமே இல்லை என்று சொல்லவும் முடியாது. 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி ஔவையார் வந்தாள், கண்ணகி வந்தாள். அறிவு, கற்பு. கண்ணகியை 2001 டிசம்பரில் பெயர்த்தார்கள், 2006இல் திருப்பி வைத்தார்கள். நாடே இரண்டாகப் பிரிந்து கத்தியது. உழைப்பாளர் சிலையைப் பற்றி ஒரு சண்டை, ஒரு ஊர்வலம் உண்டா? யாரையும் உறுத்தாத உழைப்பு. கட்சிக்காரர்களுக்கு இதைவிடச் சௌகரியமான சிலை கிடையாது. இத்தனைக்கும் 1923இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டங்களில் ஒன்றைக் கூட்டியது இந்தத் திருவல்லிக்கேணி மணலில்தான். கொடிக்குச் சிவப்புத் துணி அகப்படாமல் மகளின் சேலையை எடுத்துக் கொடியாக்கினார் என்று சொல்வார்கள். அந்தச் சேலைக்கு வெண்கலத்தில் ஒரு மடிப்புகூடக் கிடைக்கவில்லை.

ஜனங்கள் வைத்த பெயருக்கு வருகிறேன். உழைப்பாளர் என்பது பலர்பால். ஆணும் பெண்ணும் அதில் அடக்கம், பள்ளிக்கூட இலக்கணம். வெற்றி என்ற பொய்யை ஜனங்கள் உதறினார்கள். அதே மூச்சில், சிற்பி வெளியே நிறுத்தியவர்களையும் பெயருக்குள் சேர்த்துக்கொண்டார்கள், தெரிந்தோ தெரியாமலோ. நம் கலை விமர்சகர்களுக்கு இத்தனை வருஷத்தில் இந்த அளவு ஓடவில்லை.

அதற்காகப் பக்கத்தில் ஐந்தாவதாக ஒரு பெண் சிலை வையுங்கள் என்று நான் மனுப் போடவில்லை. போட்டால் வைத்துவிடுவார்கள். இடுப்பில் குடமும் நெற்றியில் பொட்டும் முகத்தில் தாய்மையுமாக ஒன்று வரும், திறப்பு விழாக் கல்வெட்டில் சிற்பியின் பெயரைவிட மந்திரியின் பெயர் பெரிதாக இருக்கும். காலையில் அந்தச் சிலையடியைக் கூட்டிப் பெருக்கும் கார்ப்பரேஷன் பெண்கள் அதையும் சேர்த்துக் கூட்ட வேண்டியிருக்கும்.