சாயம் எவர் பூசினும் சாயமே!

'மிஸ் சைகோன்' நாடகத்திலே பாதி ஆசியரான ஒரு பாத்திரத்தை 1989-இல் லண்டன் மேடையில் நடித்தவர் வெள்ளையர். முகத்திற் சாயம், கண்ணிமையில் ஒட்டு! அந்நாடகம் நியூயார்க்குக்குப் புறப்பட்டபோது, "ஆசிய வேடத்திற்கு ஆசியர் அகப்படவில்லையோ?" என்று கண்டித்தவருள் சீனக் குடியேறிகளின் மைந்தர் டேவிட் ஹென்றி ஹுவாங் ஒருவர். 1990-இல் நடிகர் சங்கம் முதலில் தடுத்தது. சில நாளிற் பணிந்தது. 1991-இல் அவ்வெள்ளையரே நடித்து டோனி பரிசும் பெற்றார்.

ஹுவாங் என் செய்தார்? 2007-இல் 'யெல்லோ பேஸ்', அதாவது 'மஞ்சள் முகம்', என்னும் நாடகத்தை மேடையேற்றினார். அதில் நகைப்புக்கு ஆளாவோர் வெள்ளையர் மட்டுமா? இல்லை! ஆசிரியரின் பெயரையே தாங்கிய பாத்திரம், வெள்ளையன் ஒருவனை ஆசியனென்று மயங்கி வேடமளிக்கிறது, பிழை தெரிந்ததும், "இவன் முன்னோர் சைபீரியர், சைபீரியா ஆசியாவிலன்றோ இருக்கிறது!" என்று சாதிக்கிறது.

"நம் குறையை நாமே அம்பலமேற்றினால் மானம் போகாதா?" என்பார் சிலர். தோழர்களே, பிறர் பூசிய சாயத்தைக் கண்டு கொதிப்பவன், தன் முகத்து அழுக்கைக் காட்ட மறுத்தால், அவன் கோபத்திலே நேர்மை ஏது? குடியேறிய சமூகம் தன்னைத் தானே புகழ்ந்து ஆடும் நாடகமும் ஒரு சாயப்பூச்சே! அதைக் கழுவத் துணிந்த பேனாவே மானமுள்ள பேனா.