எடை இரண்டு மடங்கு. மாத்திரையும் இரண்டு மடங்கா?

அண்ணன், தம்பி இருவருக்கும் ரத்தக் கொதிப்பு. அண்ணன் எடை 55 கிலோ. தம்பி 100 கிலோ. இருவருக்கும் டாக்டர் ஒரே மாத்திரையை ஒரே அளவில் எழுதிக் கொடுக்கிறார்.

தம்பிக்கு இது பிடிக்கவில்லை. "யானைப் பசிக்குச் சோளப் பொரியா?" என்கிறார். மறுநாள் முதல் இரண்டு இரண்டாக விழுங்குகிறார்.

இப்படிச் செய்வது தவறு. ஆபத்தும்கூட.

அந்த மாத்திரை 'பீட்டா பிளாக்கர்' வகையைச் சேர்ந்தது. புரோபிரனலால், மெட்டோபுரோலால், அட்டெனலால் எல்லாம் அந்த வகைதான். பயமோ பரபரப்போ வந்தால் நம் உடலில் அட்ரினலின் சுரக்கிறது. சவுக்கடி பட்ட குதிரை போல இருதயம் ஓடுகிறது. இருதயத்தில் அட்ரினலின் போய் ஒட்டும் இடத்தை இந்த மாத்திரை அடைத்துக்கொள்ளும். வேகம் தணியும்.

புரோபிரனலாலைக் கண்டுபிடித்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளாக். அது 1960-களில் வழக்கத்துக்கு வந்தது. 1988-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

கொழுப்பில் ஒளியுமா?

புரோபிரனலால் எண்ணெயில் கரையும் மருந்து. பருத்தவர் உடலிலோ கொழுப்பு அதிகம். மருந்து அங்கே போய் ஒளிந்துகொண்டால் இருதயத்துக்கு என்ன மிஞ்சும்? நியாயமான கேள்விதான்.

பருத்தவர்களுக்கு ஊசி மூலம் மருந்தைச் செலுத்தி, ரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள். பார்த்தால், எடை கூடிய அளவுக்கு மருந்து பரவும் இடம் கூடவில்லை! ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் ஒரு காரணம், ஊளைச்சதைக்கு ரத்த ஓட்டம் குறைவு என்பது. ஊருக்கு வெளியே வீடுகள் பெருகினாலும் பஸ் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை அல்லவா? அதுபோலத்தான்.

ஆகவே 100 கிலோ என்று கணக்குப் போட்டு ஊசி மருந்தை ஏற்றினால் அளவு மீறிவிடும். உயரத்துக்குத் தக்க எடை எவ்வளவோ, அதை ஒட்டித்தான் கணக்கிட வேண்டும் என்று அந்த ஆராய்ச்சிகள் கூறின. பெரியவர்களுக்கு மாத்திரையைக் கிலோக் கணக்கில் கொடுப்பதே இல்லை. குறைந்த அளவில் தொடங்குவார்கள். நாடியையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்து, தேவையானால் கூட்டுவார்கள்.

அளவு மீறினால் நாடி தளரும், தலை சுற்றும், மயக்கம் வரும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஒரு மாத்திரையே மூச்சு முட்ட வைக்கலாம். டாக்டரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எடையைவிட முக்கியமான வேறு சங்கதி உண்டு. புரோபிரனலாலை ஈரல்தான் அழிக்கிறது. விழுங்கியதில் ஏறக்குறைய கால் பங்குதான் ஈரலைத் தாண்டி ரத்தத்துக்கு வருகிறது. ஈரல் மிகவும் பழுதுபட்டால் அதிக மருந்து ரத்தத்தில் தேங்கும். அட்டெனலால் சிறுநீரில் வெளியேறுவது. அதற்குச் சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும்.

பட்டை சிறிதானால்

ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் ஒரு பட்டையைச் சுற்றுகிறார்கள். பருத்த கைக்குச் சிறிய பட்டை போட்டால், உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். இல்லாத கொதிப்புக்கு மருந்தைக் கூட்ட நேரிடும். "பெரிய பட்டை இருக்கிறதா?" என்று கேட்க வெட்கம் எதற்கு? ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் அதை வாங்கி வைக்க வேண்டும். பெரிய செலவு ஒன்றும் இல்லை.

இந்த வகையில் பழைய மாத்திரைகள் சிலருக்கு எடையைக் கூட்டுவதும் உண்மை. சராசரியாக ஒரு கிலோவுக்குச் சற்று மேல். இதைக் கேட்டதும் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்! திடீரென்று நிறுத்தினால் இருதயம் மீண்டும் தறிகெட்டு ஓடும். இருதய நோயாளிகளுக்கு மார்வலி வரலாம், மாரடைப்பும் வரலாம். எடை இறங்கி, கொதிப்பும் இறங்கினால், டாக்டரே பார்த்து மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்.