மீன் வருமுன் நீர்

பெருநாள் காசைச் சேர்த்துவைத்து என் இளைய மகள் கண்ணாடித் தொட்டி ஒன்றும் நான்கு தங்கமீன்களும் வாங்கினாள். நண்பகலில் தொட்டியை நிரப்பினோம். அஸருக்குள் மீன்களை விட்டோம். நீர் பளிங்குபோல் தெளிந்திருந்தது. ஆறாம் நாள் சுப்ஹுக்கு எழுந்தபோது கடைசி மீனும் செத்து மிதந்தது. "வாப்பா, நான் ஒருநாள்கூடத் தீனி போட மறக்கலியே?" என்று அழுதாள். உண்மைதான், அவள் மறக்கவில்லை. பிழை பெரியவர்களாகிய எங்களுடையது.

பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை நாமறிவோம். சிறுவர் அபூ உமைர் வளர்த்த குருவியைப் பற்றி அவர்கள் அன்போடு விசாரித்ததையும் அறிவோம். ஆகவே வளர்ப்பதில் தடையில்லை. ஆனால், மீனுக்குத் தீனி மட்டும் போதாது. அது சுவாசிப்பதும் கழிப்பதும் ஒரே நீரில் அல்லவா!

மீன் தன் செவுள் வழியாகவும் கழிவின் வழியாகவும் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. பரந்த குளத்தில் அது கரைந்துபோகும். தொட்டியிலோ தேங்கிநின்று செவுளை அரிக்கும். இதற்கும் இறைவன் ஓர் ஏற்பாட்டைப் படைத்திருக்கிறான். ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் நஞ்சே, இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க விடாது. மற்றொரு வகை அதனை அத்துணைத் தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்றிவிடுகிறது. இவ்விரு கூட்டமும் மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலும் குடியேறிப் பெருக 4 முதல் 6 வாரங்கள் வரை ஆகும். புதுத் தொட்டியில் அவை போதிய அளவில் இரா. நாங்கள் கண்டு மகிழ்ந்த தெளிவு வெறும் தெளிவே.

2 அடி நீளமும், ஓரடி அகலமும் உயரமும் உள்ள தொட்டியில் நீரின் எடை மட்டுமே ஏறத்தாழ 56 கிலோ. ஆடும் மேசை உதவாது. சன்னல் வெயில் பட்டால் பாசி படரும். மணலைக் கலங்கல் நீங்கும்வரை வெறும் நீரில் அலசுங்கள். சோப்பு கூடவே கூடாது. குழாய் நீரிலுள்ள குளோரின் அந்த நல்ல பாக்டீரியாவையும் கொல்லும். அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் திறந்துவைத்தால் அது பெரும்பாலும் நீங்கிவிடும். சிங்கப்பூரில் வாழும் நம் வாசகர்கள் கவனிக்க: அங்கே நீரில் கலந்திருப்பது குளோரமின். திறந்துவைப்பதால் அது போகாது. அதற்கென விற்கும் மருந்து தேவை.

பின்னர் வடிகட்டியை இரவும் பகலும் ஓடவிட்டு, மீனே இல்லாத தொட்டியில் நாள்தோறும் ஒரு சிட்டிகைத் தீனி இடுங்கள். வீட்டார் நகைப்பார்கள், நகைக்கட்டும். அத்தீனி அழுகி எழும் அம்மோனியாவே பாக்டீரியாவுக்கு உணவு. உறவினர் வீட்டில் நோயற்ற மீன்கள் வாழும் பழைய தொட்டி இருந்தால், அதன் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டை வாங்கி, ஈரம் காயுமுன் உங்கள் வடிகட்டியில் வையுங்கள். காத்திருப்பு வெகுவாகக் குறையும்.

நாளை எண்ணுவதைவிட, கடையில் கிடைக்கும் சோதனை மருந்தை நம்புவதே மேல். அம்மோனியாவும் நைட்ரைட்டும் அறவே நீங்கி, நைட்ரேட் தென்பட்டால் நீர் ஆயத்தம். அப்போதும் முதலில் இரண்டு மூன்று கப்பி மீன்களே போதும். தங்கமீன் ஓரடிவரைகூட வளரக்கூடியது. அதற்கு இத்தொட்டி சிறையாகிவிடும்.

என் மகள் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்து வருகிறாள். இன்று 23-ஆம் நாள். நேற்றைய சோதனையில் நைட்ரைட் இன்னும் இளஞ்சிவப்பாகவே காட்டியது.