பலாப்பழத்தின் முதற் காயம்

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் வட்டாரப் பலாவுக்குத் தனிப்பெயர் உண்டு. 2018 நவம்பர் 16-ஆம் நாள் வீசிய கஜா புயலில் இங்கே பலா மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. எஞ்சிய மரங்களின் கனியை வீணாக்காமல் காப்பது நமது கடமையன்றோ? அழுகலுக்கு வெயிலைக் காரணங் காட்டி அமைதியடைவது பொருந்தாது.

அழுகலை உண்டாக்குவதில் முதன்மையானது 'ரைசோபஸ்' என்னும் பூஞ்சணம். அதன் கருவி நொதி எனப்படும் பொருள். நெசவாள அன்பர்களுக்கு இஃது எளிதில் விளங்கும். துணியிலுள்ள பாவுக் கஞ்சியை நீக்க ஆலைகளில் 'அமைலேஸ்' என்னும் நொதியைச் சேர்ப்பதுண்டு. அது பருத்தி இழையை விட்டுக் கஞ்சியை மட்டும் கரைக்கும். அவ்வாறே பூஞ்சணம் சுரக்கும் 'பெக்டினேஸ்', பழத்தின் உயிரணுக்களைப் பிணைத்து நிற்கும் பெக்டின் என்னும் பசையைக் கரைக்கிறது. பிணைப்பு அற்றதும் சுளை குழைந்து நீர் கசிகிறது.

குளிர்பதனக் கிடங்கு ஒன்றே போதும் என்பர் சிலர். குளிர் பூஞ்சணத்தின் வேகத்தைத் தணிக்கும். ஆனால் 12 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே பலாவே தோல் கறுத்துக் கெடும். அழுகிய பகுதியை வெட்டிவிட்டு எஞ்சியதைக் கூழாக்கலாம் என்பர் வேறு சிலர். ரைசோபஸின் நொதியோ கடுஞ்சூட்டையும் தாங்கவல்லது. டப்பியில் அடைத்த ஆப்ரிகாட் பழங்கள், பூஞ்சணம் மடிந்த பின்னரும் இந்நொதியால் குழைந்ததுண்டு.

ஆகவே நோய் நுழையும் வாயிலை அடைப்பதே அறிவுடைமை. அவ்வாயில் பெரும்பாலும் காயமே. மரத்திலிருந்து விழுந்து கன்றிய பழத்தில் பூஞ்சண வித்து தங்கிவிடுகிறது. குவியலில் அடுத்த பழத்துக்கும் பரவுகிறது. கயிறு கட்டி இறக்கினால் இத்தீங்கு பெரிதும் குறையும். இதை யாவரும் அறிவர். ஆயினும் செய்வோர் சிலரே. எண்ணிக்கைக்குக் கூலி பெறுபவர் விரைந்து தள்ளவே முனைவார். காயமற்ற பழத்துக்கும் கன்றிய பழத்துக்கும் ஒரே விலை எனில், விவசாயி கயிற்றுக் கூலியை ஏன் ஏற்பார்? குற்றம் மரமேறுபவர்மீதன்று, விலை முறையின்மீதே.

காயமின்றி வரும் பழத்துக்குக் கூடுதல் விலையும், கயிறு கட்டி இறக்குவோருக்குக் கூடுதல் கூலியும் கூட்டுறவுச் சங்கங்கள் வழங்க வேண்டும் என்பது நமது உறுதியான அபிப்பிராயம். அழுகிய பழத்தை அன்றன்றே குவியலிலிருந்து அகற்றிப் புதைப்பதும் இன்றியமையாதது. கிடங்குக்கு நிதி கோருமுன் இவற்றை நிறைவேற்ற அங்கத்தினர்கள் முன்வருவார்களாக.