காலைப் பிடிக்கும் படிப்பு

“இவ்வளவு பணத்தைக் கொட்டி, ஊரார் காலைப் பிடிக்கவா பிள்ளையை அனுப்பினீங்க?” அக்கா வீட்டுக்கு வருகிறவர்கள் சிரித்துக்கொண்டேதான் கேட்கிறார்கள். கண்ணுக்கு டாக்டர், பல்லுக்கு டாக்டர் என்றால் தலையாட்டுகிறவர்களுக்கு, காலுக்கு ஒரு படிப்பு என்றதும் முகம் மாறிவிடுகிறது. செருப்புத் தைப்பவரைத் தெருவோரத்திலேயே உட்கார வைத்த ஊர்கள் நம்முடையவை. காலைத் தொடுகிற தொழிலுக்கு இங்கே மரியாதை லேசில் வராது.

அக்கா மகள் இங்கிலாந்தில் போடியாட்ரி என்ற பாத மருத்துவப் படிப்பில் கடைசி ஆண்டு படிக்கிறாள். அங்கே அது 3 ஆண்டுப் பட்டப்படிப்பு. ஆஸ்திரேலியாவில் 4 ஆண்டு. அமெரிக்காவில் ஒரு பட்டம் முடித்த பிறகு இன்னும் 4 ஆண்டு. ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். அவற்றோடு தோல், நகம், நரம்பு, ரத்த ஓட்டம், நடை, செருப்பு எல்லாமே பாடம். கால் ஆணியைச் சீவுவதிலிருந்து, மரத்துப்போக ஊசி போட்டுச் சதைக்குள் வளர்ந்த நகத்தை எடுப்பது வரை அவர்களே செய்வார்கள். முறையாகப் பதிவு செய்யாமல் ‘போடியாட்ரிஸ்ட்’ என்று பெயரோடு போட்டுக்கொண்டால் இங்கிலாந்தில் குற்றம்.

விடுமுறைக்குத் தங்கச்சிமடம் வந்தவள் யார் எதிரே வந்தாலும் முதலில் தரையைத்தான் பார்த்தாள். “மாமா, எங்க காலேஜ்ல படத்துல காட்டுறதெல்லாம் இங்க தெருவுல நடந்து போகுது” என்றாள். உண்மைதான். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கும் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, தேய்ந்த ரப்பர் செருப்போடு பாறையில் இறங்குகிறார்கள். வாலிநோக்கம் உப்பளத்தில் உப்புநீரில் நின்ற கால்கள் வெடித்துக் கிடக்கின்றன. சாயல்குடிப் பக்கம் பனையேறிகளின் பாதத்தில் தளைநார் பட்டுப் பட்டுக் காய்த்த தடம். எங்கே கால் வைத்தாலும் சீமைக்கருவேல முள். முள் ஏறினால் ‘ஆ’ என்று காலைத் தூக்குகிறோம். அந்த ‘ஆ’தான் நம்மைக் காப்பாற்றுகிறது. சர்க்கரை நோயால் நரம்பு கெட்ட காலுக்கு அது வராது. முள்ளோடேயே நாள் முழுக்க நடக்கும்.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. இந்த நோயால் கால் எடுக்கப்பட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 85 பேருக்கு முதலில் வந்தது ஒரு புண். அதை முன்கூட்டியே தடுக்க அவள் கையில் இருந்த கருவியைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுப் பெரியவர், “இது நம்ம தங்கூசில்ல தாயி!” என்றார். வாழ்நாளெல்லாம் வலை பின்னியவர் கண் தப்புமா? ஒரு பிடியில் செருகிய ஒற்றை நைலான் இழைதான் அது. கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்காலில் வைத்து, வளையும்வரை அழுத்துகிறாள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்திருக்கிறார்கள். தொட்டது தெரியவில்லை என்றால் அந்தக் கால் ஆபத்தில் இருக்கிறது. கூடவே கேள்விகளும் உண்டு. “காலு மதமதன்னு இருக்கா?” “பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கா?” “செருப்பு கழண்டு விழுந்தது தெரியாம நடந்திருக்கீங்களா?” மூன்றாவது கேள்விக்கு ‘ஆமா’ என்று பதில் வந்தால் அவள் சிரிப்பு நின்றுவிடும்.

இந்த அறிவுக்கு மூலம் எங்கே என்று தேடிப் போனால் வேலூரில் கொண்டுபோய் விடுகிறது. கொல்லிமலையில் 1914இல், மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்று உலகமே நம்பிய காலம். வலி தெரியாததால் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும், புண்ணோடு நடந்தும்தான் அவை அழிகின்றன என்று அவர் காட்டினார். தூங்குகிறவரின் விரலை எலி கடித்தாலும் தெரியாது என்பதைக் கண்டுபிடித்த பிறகு, வீட்டுக்குப் போகும் நோயாளிகளோடு ஒரு பூனையையும் அனுப்பினார்கள். உணர்வற்ற பாதத்துக்கென்று மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பும் வேலூரிலும் அருகே உள்ள கரிகிரியிலும் இந்த நோயாளிகளுக்காகவே உருவானது. 1966இல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். வேலூரில் கற்றது அங்கே சர்க்கரை நோய்ப் பாதங்களுக்கும் பயன்பட்டது. 10 கிராம் இழைதான் எல்லைக்கோடு என்று 1986இல் நிறுவியதும் அதே கார்வில்காரர்கள்தான். நம் ஊர்த் தொழுநோயாளிகளின் காலிலிருந்து கற்ற பாடத்தை, இன்று நம் பிள்ளை பவுண்டில் கட்டணம் கட்டிப் படித்து வருகிறாள்.

படித்ததை அப்படியே இங்கே ஒப்பிக்கவும் முடியாது. திருக்கை முள் குத்தினால், தாங்குகிற சூட்டில் வெந்நீரில் காலை வைப்பது கடற்கரை வைத்தியம். மருத்துவமும் அதையே சொல்கிறது. அந்த நஞ்சு சூட்டில் குலையும். ஆனால் ‘தாங்குகிற சூடு’ எது என்று மரத்த கால் எப்படிச் சொல்லும்? அடுத்தவர் கை வைத்துப் பார்த்துத்தான் நீரை ஊற்ற வேண்டும். கடல்நீர் பட்ட சிறு கீறல்கூட சர்க்கரை நோயாளிக்கு விப்ரியோ கிருமியால் விபரீதமாகலாம். ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு, ஈரக்காலோடு வெறுங்காலாகப் பிராகாரம் சுற்றுகிறோம். விரலிடுக்கில் ஈரம் தங்கினால் சேற்றுப்புண். நண்பகலில் வெளியே வந்தால் சுடுகல். கோயிலுக்குப் போகாதே என்று எந்தப் பாட்டியிடமும் சொல்ல முடியாது என்பது அவளுக்குத் தெரியும். “விடியக்காலையில போய்ட்டு வாங்க பாட்டி. வெளிய வந்ததும் விரலிடுக்கைத் தொடச்சிட்டு, உள்ளங்காலை யாரையாச்சும் பாக்கச் சொல்லுங்க” என்கிறாள். இங்கிலாந்துப் பாடத்தில் தீர்த்தக் கிணறு வராது.

அதனால்தான் சொல்கிறேன், இந்தப் படிப்பு இந்தக் கரையில் வர வேண்டும். 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவப் பணியாளர் சட்டப் பட்டியலில் போடியாட்ரி நிபுணரும் இருக்கிறார். ‘பாதம் பாதுகாப்போம்’ என்று தமிழக அரசே திட்டம் நடத்துகிறது. ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் திறந்தாயிற்று. அங்கே பாதத்துக்கென்று ஒரு படிப்பைத் தொடங்கினால், வலையும் உப்பும் பனையும் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் நீட்டுக்குப் பிறகும் ஒரு வழி இருப்பதைக் காண்பார்கள். வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பெண்களின் பையில் அந்த இழையும் இருக்கட்டும்; அதற்கு ஆகும் செலவு பெரிதல்ல.

அதெல்லாம் வரும்வரை நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தெருவில் யாராவது செருப்பு கழன்றது தெரியாமல் நடந்து போனால், கூப்பிட்டுச் செருப்பை மட்டும் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். “அண்ணே, கடைசியா எப்ப சுகர் பாத்தீங்க?” என்றும் கேட்டுவிடுங்கள்.